ஒரே தலைப்பு, இரண்டு உலாவி, இரண்டு மடிப்பு: தமிழ் வரிகள் மாறி முறியும்போது எங்கே தேடுவது

குரோமில் இரண்டு வரியில் அடங்கிய தலைப்பு சஃபாரியில் மூன்று வரியாகிறது. ஃபயர்ஃபாக்ஸில் அதே தலைப்பு பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்படி ஒரு புகார் வந்தால் நம்மில் பலரும் முதலில் செய்வது, இணையத்தில் தேடிக் கிடைத்த சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) வரி ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்ப்பதுதான். அது சில நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் எதனால் பலித்தது என்று தெரியாததால், அடுத்த வாரம் வேறொரு பெட்டியில் அதே சிக்கல் தலைகாட்டும்போது மறுபடியும் தேடத் தொடங்குகிறோம்.

வரி எங்கே முறியும் என்பதை மூன்று விஷயங்களே முடிவு செய்கின்றன: எழுத்துகள் எவ்வளவு அகலம் பிடிக்கின்றன, அவற்றுக்குக் கிடைத்த பெட்டி எவ்வளவு அகலமானது, எந்தெந்த இடத்தில் முறிக்க அனுமதி இருக்கிறது. இரண்டு உலாவிகளில் மடிப்பு மாறினால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள். எது மாறியது என்பதை அளந்து கண்டுபிடிக்காமல் சிஎஸ்எஸ்ஸைத் தொடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். (சிஎஸ்எஸ் பண்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன்; நிரலில் வழக்கமான எழுத்துக்கூட்டலையே இட வேண்டும்.)

தொடங்குவதற்கு முன், ஒப்பிடும் உலாவிகள் உண்மையிலேயே வேறு வேறுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குரோம், எட்ஜ், ஓபரா ஆகிய மூன்றும் பக்கத்தைத் திரையில் வரையும் பிளிங்க் என்ற ஒரே இயந்திரத்தில் ஓடுபவை; சஃபாரி வெப்கிட்டிலும் ஃபயர்ஃபாக்ஸ் கெக்கோவிலும் ஓடுகின்றன. ஐபோனில் நிறுவப்படும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் நடைமுறையில் வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் வேறு இயந்திரத்துக்கு ஆப்பிள் வழிவிட்டிருக்கிறது என்றாலும் நம் ஊர் ஐபோன்களுக்கு அது பொருந்தாது. ஆகவே, ஐபோன் குரோமில் தெரியும் பிழையை விண்டோஸ் குரோமில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எழுத்துரு: முதல் சந்தேகம் இங்கேதான்

என் அனுபவத்தில், தமிழ்ப் பக்கங்களில் வரும் மடிப்புப் புகார்களில் பெரும்பகுதி எழுத்துருவில் போய் முடிகிறது. ஆங்கில எழுத்துரு மாறினால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். தமிழில் ஓர் எழுத்துருவுக்குப் பதில் இன்னொன்று வந்து உட்கார்ந்தால், கூர்ந்து பார்க்காதவரை அது புலப்படுவதில்லை, ஆனால் அகலம் மட்டும் மாறிவிடுகிறது. சிஎஸ்எஸ்ஸில் சிஸ்டம்-யூஐ என்றோ ஏரியல் என்றோ எழுதி விட்டுவிட்டால், அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாதபோது உலாவி தானாக ஒரு மாற்றைத் தேர்ந்தெடுக்கும். விண்டோஸ் 8 முதல் அது பெரும்பாலும் நிர்மலா யூஐ. அதற்கு முந்தைய விண்டோஸ்களில் லதா. மேக்கில் தமிழ் சங்கம் எம்என். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒரே அளவு குறிப்பிட்டிருந்தாலும் இவை நான்கும் ஒரே சொல்லுக்கு நான்கு அகலம் எடுத்துக்கொள்ளும். அப்படியிருக்க, வரி ஒரே இடத்தில் முறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

சோதிப்பது எளிது. குரோமில் சிக்கல் தரும் உறுப்பின் (தலைப்பு, பத்தி போன்ற பக்கத்தின் ஒரு பகுதி) மேல் வலச்சொடுக்கி ஆய்வுக்கருவியைத் திறந்து, கம்ப்யூட்டட் தாவலின் அடிப்பகுதிக்குச் சென்றால், அந்த உறுப்பை வரைய உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்பதும் எத்தனை எழுத்துவடிவங்களுக்குப் பயன்பட்டது என்பதும் காட்டப்படும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே ஃபான்ட்ஸ் என்ற தனித் தாவல் இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் நீங்கள் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அது வேண்டுகோள் மட்டுமே, அந்த வேண்டுகோள் நிறைவேறியதா என்பதை இந்தப் பட்டியல்தான் சொல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய செய்தித் தளத்துக்குத் தலைப்பு அட்டைகள் செய்துகொடுத்தேன். என் கணினியில் மூன்று உலாவிகளிலும் தலைப்புகள் பிசிறில்லாமல் இரண்டு வரியில் அமர்ந்தன. ஆசிரியரின் மடிக்கணினியில் பாதித் தலைப்புகள் மூன்றாம் வரிக்கு இறங்கின. இரண்டு நாள் உலாவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபின் தெரிந்தது இதுதான்: எழுத்துருவை அறிவிக்கும் சிஎஸ்எஸ் கோப்பின் முகவரியை நான் தவறாக எழுதியிருந்தேன், எனவே எழுத்துரு யாருக்குமே தரவிறங்கவில்லை. என் கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்ததால், பெயரைப் பார்த்த உலாவி அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டு என் தவற்றை மறைத்துவிட்டது. அன்று முதல் வலை எழுத்துருவை அறிவிக்கும்போது அதன் உண்மைப் பெயரை வைக்காமல், தளத்துக்கென்று யாரும் நிறுவியிருக்க முடியாத ஒரு பெயரை வைக்கிறேன். கோப்பு வராவிட்டால் என் திரையிலேயே உடனே தெரிந்துவிடும்.

எழுத்துரு சரியாகவே வருகிறது, ஆனாலும் முதல் முறை திறக்கும்போது மட்டும் துண்டிப்பு (அடங்காத உரையை வெட்டி முப்புள்ளியிடுவது) தவறாக அமைகிறது என்றால், எழுத்துரு வந்துசேரும் முன்பே பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அளவெடுத்துவிட்டது என்று பொருள். மாற்று எழுத்துருவில் அளந்து முடிவு செய்த அகலம், உண்மை எழுத்துரு வந்தபின் பொருந்தாது. மறுமுறை திறக்கும்போது எழுத்துரு தற்காலிகச் சேமிப்பிலிருந்து உடனே கிடைப்பதால் பிழை மறைந்துவிடுகிறது. இதனால்தான் இந்தப் பிழை நம்மிடம் வராமல் வாசகரிடம் மட்டும் வருகிறது. டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி என்ற உறுதிமொழி நிறைவேறும்வரை காத்திருந்து அதன்பின் அளப்பதே தீர்வு.

ஃபயர்ஃபாக்ஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதன் அமைப்புகளில் மொழிவாரியாக எழுத்துருவையும் அளவையும் வாசகரே தேர்ந்துகொள்ள இடமிருக்கிறது, தமிழும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்தின் எச்டிஎம்எல் குறிச்சொல்லில் மொழி தமிழ் என்று லாங் பண்பின் மூலம் சொல்லியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாற்று எழுத்துருவின் தேர்வு மாறக்கூடும். பல தமிழ்த் தளங்கள் ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழை நிரப்பியவை என்பதால் அங்கே இன்னமும் ஆங்கிலம் என்றே எழுதியிருக்கும். திருத்த அரை நிமிடம் போதும், திருத்திவிடுங்கள்.

அகலத்தை 'சிஎச்' என்ற அலகில் குறிப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த அலகு, எழுத்துருவில் உள்ள சுழியம் என்ற எண்ணின் அகலம். முதலில் குறிப்பிட்ட எழுத்துரு ஆங்கிலத்துக்கானது என்றால் அந்தச் சுழியத்தை வைத்தே பெட்டி அளக்கப்படும். அதற்குள் வந்து உட்காரும் 'ணை', 'ழௌ', 'னோ' போன்றவை அந்தச் சுழியத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமானவை. முப்பது சிஎச் என்பது முப்பது தமிழ் எழுத்து அல்ல என்பதோடு, அந்த ஆங்கில எழுத்துரு எந்தக் கணினியில் இல்லையோ அங்கே பெட்டியின் அகலமே மாறிவிடும்.

பெட்டி

எழுத்துரு இரண்டு உலாவியிலும் ஒன்றுதான் என்று உறுதியானபின், பெட்டியின் அகலத்தை அளக்க வேண்டும். இரண்டு ஆய்வுக்கருவிகளிலும் ஒரே உறுப்பைத் தேர்ந்து, உள்ளடக்க அகலத்தைப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களோடு குறித்துக்கொள்ளுங்கள். 15 முதல் 17 பிக்சல் வரை வேறுபாடு இருந்தால் அது உருள்பட்டை. விண்டோஸில் உருள்பட்டை இடத்தை அடைத்துக்கொள்வதும், மேக்கிலும் கைப்பேசியிலும் அது உள்ளடக்கத்தின் மேல் மிதப்பதும் வழக்கம். அதைப் பிழையென்று கருதாமல், அந்த அளவு குறைந்தாலும் தாங்கும்படி வடிவமைப்பதே முறை.

வேறுபாடு மிகச் சிறியதாக, ஒரு பிக்சலின் பின்னமாக இருந்தால், அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். பிளிங்கும் வெப்கிட்டும் ஒரு பிக்சலை 64 பங்காகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. கெக்கோ 60 பங்காகப் பிரிக்கிறது. மூன்று நெடுவரிசையாகப் பகுக்கும்போதும் சதவீதத்தில் அகலம் கொடுக்கும்போதும் கடைசி இலக்கம் இதனால் மாறும். சொல் பெட்டிக்குள் மயிரிழையில் அடங்கும் இடத்தில் அந்த மயிரிழையே கடைசிச் சொல்லைக் கீழே தள்ளிவிடும். இதை நாமே மோசமாக்கிக்கொள்ளும் வழியும் ஒன்று உண்டு: ஜாவாஸ்கிரிப்டில் ஆஃப்செட்விட்த் என்ற மதிப்பை வாங்கி அதையே உறுப்பின் அகலமாக எழுதுவது. அந்த மதிப்பு முழு எண்ணாக உருட்டப்பட்டு வருவது. உண்மை அகலம் 120.4 என்றால் அது 120 என்று சொல்லும், அந்த 0.4 இல்லாத பெட்டியில் கடைசிச் சொல் கீழே விழும். கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் பின்னத்தோடு அகலம் தரும். அதை மேலே உள்ள முழு எண்ணுக்கு உயர்த்தி எழுதினால் சிக்கல் தீரும்.

எழுத்து பெட்டியைத் தாண்டி வழிகிறது, அல்லது பெட்டியே பெருத்துப் பக்கத்தை அகலமாக்குகிறது என்றால் காரணம் வேறு. உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் அமைப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளை உறுப்புக்கும் மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) என்பது இயல்பாகவே ஆட்டோ. அதாவது தனக்குள் இருக்கும் மிக நீளமான உடையாத சொல்லைவிடக் குறுகுவதற்கு அது மறுத்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி நீளமான சொல் அபூர்வம் என்பதால் வார்ப்புரு செய்தவர் இதைச் சந்தித்திருக்கவே மாட்டார். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒட்டி எழுதும் நமக்கோ இது அன்றாடம். அந்தப் பிள்ளை உறுப்புக்கு மின்-விட்த் சுழியம் என்று கொடுக்க வேண்டும். ஃபிளெக்ஸுக்குள் ஃபிளெக்ஸ் இருந்தால் ஒவ்வொரு அடுக்கிலும் கொடுக்க வேண்டும். ஓர் அடுக்கை விட்டாலும் பயனில்லை. கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் அமைப்பில் இதற்கு இணையானது, நெடுவரிசையின் அகலத்தை 1எஃப்ஆர் (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதாமல், குறைந்தபட்சம் சுழியம் அதிகபட்சம் 1எஃப்ஆர் என்று மின்மேக்ஸ் கொண்டு எழுதுவது. படிவங்களில் வரும் ஃபீல்ட்செட் உறுப்புக்கும் இதே பிடிவாதம் இயல்பாக உண்டு, அதற்கும் மின்-விட்த் சுழியம்தான் மருந்து. அட்டவணைக் கட்டங்களில் துண்டிப்பு வேலை செய்யவில்லை என்றால், அட்டவணைக்கு அகலம் குறிப்பிட்டு டேபிள்-லேஅவுட் ஃபிக்ஸ்டு என்று எழுதிப் பாருங்கள்.

முறிக்கும் இடம்

எழுத்துருவும் ஒன்று, பெட்டியும் ஒன்று, ஆனாலும் முறிவு மாறுகிறது என்றால் மூன்றாவது காரணத்துக்கு வந்துவிட்டோம். இங்கே முதலில் சிஎஸ்எஸ்ஸை விட்டுவிட்டு உரையையே சோதியுங்கள். வேர்டு கோப்பிலிருந்தும் பிடிஎஃப்பிலிருந்தும் ஒட்டப்பட்ட உரையில் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் ஒளிந்திருக்கும். 160 என்ற எண்ணுடைய முறியா இடைவெளி பார்வைக்கு வழக்கமான இடைவெளிபோலவே இருக்கும், ஆனால் அங்கே வரி முறியாது. நான்கு சொற்கள் அதனால் பிணைக்கப்பட்டிருந்தால் உலாவிக்கு அவை ஒரே சொல். நேர்மாறாக 8203 என்ற அகலமிலா இடைவெளி, இடைவெளியே தெரியாத இடத்தில் முறிக்க அனுமதிக்கும். 173 என்ற மென்கோடு, முறியும் இடத்தில் மட்டும் கோடாக வெளிப்படும். சந்தேகத்துக்குரிய தலைப்பை உலாவியின் கன்சோலில் ஒட்டி, ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துகளின் எண்கள் 2944 முதல் 3071 வரை இருக்கும், வெறும் இடைவெளி 32. இவற்றுக்கு வெளியே எதிர்பாராத எண் தென்பட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டார். உள்ளடக்கத்தைப் பதிவேற்றும் இடத்திலேயே 160-ஐ 32-ஆக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், செய்தியாளர்களிடம் வேர்டிலிருந்து ஒட்டாதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் மன்றாட வேண்டியிருக்காது.

நீண்ட இணைய முகவரிகளில் சாய்கோடு, கேள்விக்குறி, சிறுகோடு ஆகியவற்றுக்குப் பின் முறிக்கலாமா என்பதில் உலாவிகள் முழுமையாக ஒத்துப்போவதில்லை. யுனிகோடின் வரிமுறிவு விதிகள் 14ஆம் இணைப்பில் இருந்தாலும், ஒவ்வோர் இயந்திரமும் பழைய பக்கங்கள் கெடாமலிருக்கத் தனக்கென்று சில விலக்குகளை வைத்திருக்கிறது. முறிய வேண்டிய இடத்தில் டபிள்யூபிஆர் என்ற குறிச்சொல்லை இடுவதே இதற்கு நம்பகமான வழி.

இனி, அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படும் பண்புக்கு வருவோம். வேர்ட்-பிரேக் பண்புக்கு பிரேக்-ஆல் என்ற மதிப்பைக் கொடுத்தால் வழிதல் நின்றுவிடும் என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலை பெரிது: அடுத்த வரியில் முழுதாக அடங்கக்கூடிய சொல்லையும் அது வரியின் விளிம்பில் வெட்டும். தமிழ் அச்சுக் கோப்பவர்கள் சொல்லை வரி இறுதியில் கோடில்லாமல் பிரிப்பதுண்டு, நாளிதழ்ப் பத்திகளில் அன்றாடம் காணலாம். ஆனால் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் அடுத்த வரியைத் தொடங்கக்கூடாது என்ற நாகரிகத்தை அவர்கள் காத்தார்கள். பிரேக்-ஆல் அதை அறியாது. 'மாணவர்' என்ற சொல்லின் 'ர்' தனியே அடுத்த வரியின் தலையில் வந்து உட்காரும். படிப்பவருக்கு அது கல் தடுக்கியதுபோல் இருக்கும்.

நமக்கு வேண்டியது ஓவர்ஃப்ளோ-ராப். சொல் தனி வரியில்கூட அடங்காதபோது மட்டுமே அது சொல்லை உடைக்கும். அதற்கு இரண்டு மதிப்புகள் உண்டு: பிரேக்-வேர்ட், எனிவேர். இரண்டும் உடைக்கும் முறையில் ஒன்றேதான். பெட்டியின் மிகக் குறைந்த அகலத்தைக் கணக்கிடும்போது இந்த உடைப்பைக் கருத்தில் கொள்வது எனிவேர் மட்டுமே. அதனால்தான், பத்தியில் நன்றாக வேலை செய்த பிரேக்-வேர்ட், ஃபிளெக்ஸ் பெட்டிக்குள்ளும் அட்டவணைக் கட்டத்துக்குள்ளும் செயலற்றதுபோல் தோன்றுகிறது. எனிவேர் ஃபயர்ஃபாக்ஸின் 65ஆம் பதிப்பிலும் (2019) குரோமின் 80ஆம் பதிப்பிலும் (2020) வந்துவிட்டது, சஃபாரியில் 15.4ஆம் பதிப்பில், 2022இல்தான் வந்தது. பழைய ஐபோனில் மட்டும் எழுத்து வழிகிறது என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். முதல் வரியில் பிரேக்-வேர்ட், அடுத்த வரியில் எனிவேர் என்று இரண்டையும் எழுதினால், புரியாத உலாவி இரண்டாவதைத் தள்ளிவிட்டு முதலாவதை வைத்துக்கொள்ளும். கூடவே மின்-விட்த் சுழியமும் இருந்தால் பழைய சஃபாரியும் பணிந்துவிடும்.

சொல்லைத் தானாகவே கோடிட்டுப் பிரிக்கும் ஹைஃபன்ஸ் ஆட்டோ என்ற வழியைத் தமிழுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அது வேலை செய்ய, மொழி இன்னதென்று லாங் பண்பில் அறிவித்திருக்க வேண்டும், அந்த மொழிக்கான பிரிப்பு அகராதியும் உலாவியிடம் இருக்க வேண்டும். குரோமிலேயேகூட மேக்கிலும் ஆண்ட்ராய்டிலும் 55ஆம் பதிப்பில் வந்த இந்த வசதி, விண்டோஸுக்கு 88ஆம் பதிப்பில்தான் வந்தது. தமிழ் அகராதி எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி இல்லாததால், மடிப்பு வேறுபாட்டைத் தீர்க்கப் போய் புதிதாக ஒரு வேறுபாட்டை நாமே உண்டாக்கிக்கொள்வோம். சில குறிப்பிட்ட நீண்ட சொற்கள் மட்டுமே தொல்லை தருகின்றன என்றால், 'பார்த்துக்' என்பதற்கும் 'கொண்டிருந்தவர்களுக்' என்பதற்கும் இடையில், அதன்பின் 'கெல்லாம்' என்பதற்கு முன்னால், இப்படி அசை ஒத்த இடங்களில் டபிள்யூபிஆர் இடுங்கள். 8203ஐயும் இடலாம்தான், ஆனால் அது உரையின் பகுதியாகவே தங்கி, நகலெடுக்கும்போது உடன் செல்லும், பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடுபவருக்குக் கிடைக்காமலும் செய்துவிடக்கூடும்.

துண்டிப்பு

மடிப்பு மாறினால் அழகுதான் கெடும். துண்டிப்பு தவறினால் பொருள் கெடும். ஆகவே இதில் கூடுதல் கவனம் தேவை.

ஒரு வரியில் முப்புள்ளியோடு முடிய வேண்டுமானால் மூன்று பண்புகள் சேர்ந்தே இருக்க வேண்டும்: ஓவர்ஃப்ளோ ஹிட்டன், ஒயிட்-ஸ்பேஸ் நோராப், டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ். உறுப்பு, ஸ்பான்போல வரிக்குள் ஓடுவதாக இருந்தால் இவை செயல்படா. ஃபிளெக்ஸ் பெட்டிக்கே இவற்றைக் கொடுத்து அதற்குள் உரையை நேரடியாக எழுதினாலும் முப்புள்ளி வராது, எழுத்து மொட்டையாக வெட்டுப்படும். உரையைத் தனி உறுப்பில் சுற்றி, அந்த உறுப்புக்கு மூன்று பண்புகளையும் மின்-விட்த் சுழியத்தையும் கொடுக்க வேண்டும்.

பல வரிக்குப் பின் துண்டிக்க இன்றும் வெப்கிட் முன்னொட்டுள்ள லைன்-கிளாம்ப்தான் வழி. முன்னொட்டைப் பார்த்து இது சஃபாரிக்கு மட்டுமானது என்று எண்ண வேண்டாம். 2019இல் வந்த 68ஆம் பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸும் அதே முன்னொட்டோடு இதை ஏற்றுக்கொள்கிறது. இதற்கும் துணைகள் உண்டு: டிஸ்ப்ளே வெப்கிட்-பாக்ஸ், வெப்கிட் பாக்ஸ்-ஓரியன்ட் வெர்ட்டிகல், ஓவர்ஃப்ளோ ஹிட்டன். உங்கள் கணினியில் வேலை செய்து, சேவையகத்தில் ஏற்றியபின் எல்லா உலாவிகளிலும் நின்றுபோனால், ஏற்றும் வழியில் ஆட்டோபிரிஃபிக்சர் என்ற கருவி பாக்ஸ்-ஓரியன்ட் வரியைப் பழையதென்று கருதி நீக்கியிருக்கிறதா என்று பாருங்கள். உலாவிக்கு வந்துசேர்ந்த சிஎஸ்எஸ்ஸில் அந்த வரி இல்லையென்றால், அந்த வரிக்கு முன் கருவியை விலக்கச் சொல்லும் குறிப்பைச் சேர்க்க வேண்டும்.

லைன்-கிளாம்ப் இட்ட உறுப்புக்குக் கீழ்ப்புறம் பேடிங் (விளிம்புக்கும் உரைக்கும் இடையிலான உள் இடைவெளி) கொடுத்தால், முப்புள்ளிக்குக் கீழே அடுத்த வரியின் தலை எட்டிப் பார்க்கும். ஓவர்ஃப்ளோ ஹிட்டன் வெட்டுவது பேடிங்கின் வெளி விளிம்பில் என்பதே காரணம். பேடிங்கைச் சுற்றியுள்ள உறுப்புக்கு மாற்றுங்கள். வரி உயரமும் இங்கே கணக்கில் வருகிறது. லைன்-ஹைட் நார்மல் என்று விட்டால் அதன் அளவை எழுத்துருவே முடிவு செய்யும். உயரத்தை மேக்ஸ்-ஹைட் கொண்டு கட்டுப்படுத்திய பெட்டியில் ஓரிடத்தில் மூன்று வரியும் வேறோரிடத்தில் இரண்டரை வரியும் தெரிவது இதனால்தான். ஆங்கில வார்ப்புருவிலிருந்து வந்த 1.1 அல்லது 1.2 தமிழுக்குப் போதாது. 'கூ', 'தூ', 'ஞ்' போன்றவற்றின் காலோ தலையோ ஓவர்ஃப்ளோவில் வெட்டுப்படும். 1.5 அல்லது 1.6 என்று அலகில்லாத எண்ணாகக் கொடுப்பது என் வழக்கம்.

இதுவரை சொன்னவை உலாவியே செய்யும் துண்டிப்பு. அது எழுத்தின் நடுவில் வெட்டுவதில்லை. நாம் நிரலில் வெட்டும்போதுதான் விபரீதம் நேர்கிறது. கணினிக்கு 'பல்' என்பது இரண்டு எழுத்தல்ல, ப, ல, புள்ளி என்று மூன்று குறியீடுகள். 'பல் மருத்துவர்' என்பதை ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு குறியீட்டோடு நறுக்கினால் 'பல…' என்று நிற்கும், பல் பலவாகிவிட்டது. மேலே சொன்ன 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' நம் கணக்கில் 20 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் 37, யுடிஎஃப்-8 பைட்டுகளில் 111. சேவையகத்தில் ஓடும் பிஎச்பி மொழியின் வெறும் சப்ஸ்டர் பைட்டுகளை எண்ணி வெட்டுவதால், மூன்று பைட்டுகளால் ஆன எழுத்தின் நடுவில் கத்தி விழுந்து, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும். அந்தச் சாய்சதுரத்தைக் கண்டால் உலாவியை விட்டுவிட்டுச் சேவையக நிரலைத் திறங்கள். எம்பி_சப்ஸ்டர் சாய்சதுரத்தைத் தவிர்க்கும், ஆனால் புள்ளியை இழப்பதைத் தவிர்க்காது. கிராஃபீம்_சப்ஸ்டர்தான் எழுத்தாக எண்ணும்.

உலாவியில் அதே வேலையை இன்டெல்.செக்மென்டர் செய்யும். குரோமில் 87ஆம் பதிப்பு முதலும் சஃபாரியில் 14.1 முதலும் இருக்கும் இது, ஃபயர்ஃபாக்ஸுக்கு 125ஆம் பதிப்பில், 2024 ஏப்ரலில்தான் வந்தது. உங்கள் நிரல் இது இல்லாதபோது பழைய முறைக்குத் திரும்பும்படி எழுதப்பட்டிருந்தால், பழைய ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் எழுத்துகள் சிதைவது அதனாலேயே. ஒரு குறை இதிலும் உண்டு: 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் அது ஒற்றை எழுத்தாகக் கருதாமல் இரண்டாகப் பிரிக்கும். எனவே எழுத்தெல்லையில் வெட்டுவதைவிட, வரம்புக்கு முந்தைய சொல்லெல்லைக்குப் பின்வாங்கி வெட்டுவதே தமிழுக்கு ஏற்றது. வெட்டுவதற்கு முன் உரையை, பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யுனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும். சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கின்றன, அங்கே இடையில் வெட்டினால் 'கொடை' 'கெ…' ஆகிவிடும்.

துண்டிப்பு நிகழ்ந்ததா என்று கண்டறிந்து 'மேலும் படிக்க' என்ற பொத்தானைக் காட்டும் நிரல்களில் மீண்டும் உருட்டல் பிரச்சினை எழும். ஸ்க்ரோல்ஹைட், கிளையன்ட்ஹைட் இரண்டும் முழு எண்ணாக உருட்டப்படுபவை; உருப்பெருக்கம் 110 அல்லது 125 சதவீதத்தில் இருக்கும்போது, துண்டிக்கப்படாத உரைக்கும் ஒரு பிக்சல் வேறுபாடு தோன்றி, பொத்தான் தேவையில்லாமல் முளைக்கும். வேறுபாடு ஒன்றைவிட அதிகமாக இருந்தால் மட்டும் பொத்தானைக் காட்டுங்கள்.

தீர்வுகளைச் சோதிக்கச் செய்தித் தலைப்புகள் போதாது, அவை தற்செயலாக அடங்கிவிடும். ஒட்டி எழுதிய மிக நீண்ட சொல் ஒன்று, 160ஆல் பிணைத்த நான்கு சொற்கள், நீண்ட இணைய முகவரி, 'ஸ்ரீ' வரம்பின் மேல் விழும்படி ஒரு பெயர், கீழ்க்கொம்புகள் நிறைந்த ஒரு வரி ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, எழுத்தை 200 சதவீதமாகப் பெருக்கியும் பாருங்கள். இவையெல்லாம் தாங்கியபின்னும் இரண்டு உலாவிகளின் திரைப்பிடிப்புகளை அருகருகே வைத்து, ஒரு சொல் மேல் வரியில் இருக்கிறது, இங்கே கீழே இருக்கிறது என்று வடிவமைப்பாளர் சுட்டிக்காட்டக்கூடும். டெக்ஸ்ட்-ராப் பேலன்ஸ் என்ற பண்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வரிகளை ஏறத்தாழ ஒரே நீளத்துக்குக் கொண்டுவரும் அந்தக் கணக்கைக் குரோம் ஆறு வரி வரைதான் செய்யும், ஃபயர்ஃபாக்ஸ் பத்து வரி வரை செய்யும். எட்டு வரிப் பத்தி ஒன்றில் சமநிலையும் மற்றதில் வழக்கமான மடிப்பும் கிடைப்பது இரண்டு உலாவிகளும் தத்தம் வரம்புக்குள் நடந்துகொள்வதுதான், அதைத் திருத்த வேண்டியதில்லை.